‘நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார்’ – கொடைக்கானலில் வீடு புக் செய்கிறவர்கள் கவனத்துக்கு

சீசனுக்கு ஆப் மூலம் கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நாங்கள் புக் செய்தது நாயுடுபுரம் பக்கம் ஒரு வீடு. வாசலில் பேரிக்காய் மரம், கார் வீட்டு வாசல் வரை போகும். அம்மாவுக்கு மூட்டுவலி என்பதால் தரைத்தளம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, முழுப் பணத்தையும் ஆப்பிலேயே கட்டினோம். கொடைக்கானலுக்குள் வண்டியில் போக எடுக்கும் இ-பாஸில் தங்குமிடமாகக் கொடுத்ததும் அந்த முகவரிதான்.

வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிட்டது. அப்போதுதான் வீட்டுக்காரரிடமிருந்து போன். “சார், அந்த வீட்ல மோட்டார் ரிப்பேர், சொட்டுத் தண்ணி இல்ல. அதே மாதிரி இன்னொரு வீடு இருக்கு. ஏழு ரோட்டுக்குப் பையன் வருவான், பின்னாலேயே வந்துடுங்க.”

பையன் பைக்கில் முன்னால் போனான். வில்பட்டி ரோட்டில் எங்கேயோ மண் பாதையில் காரை நிறுத்தச் சொன்னான். அங்கிருந்து கீழே படி. கைப்பிடி கிடையாது. அம்மா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.

வீடா அது? சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி பெயிண்ட் உரிந்து கிடந்தது. கம்பளியை உதறினால் சிகரெட் வாடை. கீஸர் சுவிட்ச் மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தார்கள். வெந்நீர் பக்கெட் ஐம்பது ரூபாய், ஹீட்டர் ஒரு ராத்திரிக்கு ஐந்நூறு என்றான் பையன்.

அசல் வேலை அதற்கு அப்புறம்தான். மறுபடியும் போன். “வீடு மாறிட்டதால பழைய புக்கிங்க ஆப்ல நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார், காசு முழுசா திரும்பிடும். இந்த வீட்டுக்கு எனக்கு ஜிபே பண்ணுங்க, கொஞ்சம் குறைச்சுக்கறேன்.” குளிரில் குழந்தை அழுகிறது. சீசனில் அந்த நேரத்துக்கு வேறு ரூம் கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். கேன்சல் செய்து, பணமும் அனுப்பினோம்.

ஆப்பிலிருந்து ஒரு பைசா திரும்பவில்லை. கடைசி நேரத்தில் தங்க வந்தவர் கேன்சல் செய்தால், அந்த வீட்டுக்குப் போட்டிருக்கும் விதியைப் பொறுத்து பெரும்பகுதியோ முழுவதுமோ வீட்டுக்காரருக்குப் போய்விடும். அவர் கேன்சல் செய்தால் நமக்கு முழுப் பணம், அவருக்குத்தான் நஷ்டம். அதனால்தான் பட்டனை நம் விரலால் அழுத்த வைக்கிறார்கள்.

மறுநாள் காலையில் நாயுடுபுரம் போய்ப் பார்த்தேன். பேரிக்காய் மரத்தடியில் ஒரு வேன் நிற்கிறது. வெளிக் குழாயைத் தாராளமாகத் திறந்துவிட்டு ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். மோட்டார் ரிப்பேரான வீடு! பேச்சுக் கொடுத்தேன். வழியில் நின்ற புரோக்கர் பிடித்துக் கொடுத்த வீடாம். வாடகை, நாங்கள் கட்டியதைப்போல இரண்டு மடங்கு. பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

உங்களுக்கு இப்படி நடந்தால் கேன்சல் பட்டன் பக்கமே போகாதீர்கள். முதலில் ஆப்பின் உதவி எண்ணைக் கூப்பிட்டு, புக் செய்த வீடு தரவில்லை என்று பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரர் போனில் சொன்னதை ஆப் சாட்டிலேயே எழுதிக் கேளுங்கள். மழுப்பினாலும் அதுவும் ஆதாரம்தான். சுவர், கம்பளி, படி எல்லாவற்றையும் அங்கேயே வீடியோ எடுங்கள். தனியாக ஜிபேயில் அனுப்பிய காசுக்கு ஆப் பொறுப்பேற்காது. சுற்றுலாத் துறையில் பதிவு செய்த ஹோம்ஸ்டேயா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். பதில் இழுத்தால் வேறு வீடு பார்க்கலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வழக்குப் போடத் திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. அட்வான்ஸ் அனுப்பிய பிறகு வீடே இல்லை, போனும் எடுக்கவில்லை என்றால் அது வேறு கேஸ். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த வீடு அதே போட்டோக்களோடு இன்னும் ஆப்பில்தான் இருக்கிறது.