‘பி.எஃப்.சி ஆன்’ என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

ஆர்.டி.எம்.ஏ (ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல் ஒரு சர்வரின் மெமரியிலிருந்து இன்னொன்றின் மெமரிக்கு நேரடியாக டேட்டா அனுப்பும் முறை) ஸ்டோரேஜுக்கான நெட்வொர்க் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களிடம் வேலை செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அவர்கள் எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும்.

நாங்கள் கேட்டது 100 கிகாபிட் ஸ்விட்சுகளும், அவற்றின் மேல் ராக்கி வி2-வில், அதாவது ஈதர்நெட், ஐ.பி நெட்வொர்க்கில் ஆர்.டி.எம்.ஏ-வை ஓட்டும் முறையில், இயங்கும் என்.வி.எம்.இ (வேகமான ஃபிளாஷ் டிஸ்க்) ஸ்டோரேஜும். ஸ்டோரேஜ் பாக்கெட் எதுவும் நெரிசலில் விழுந்து தொலையக்கூடாது என்று வேலை ஆணையிலேயே எழுதி, லாஸ்லெஸ் கான்ஃபிகரேஷனுக்குத் தனித் தொகையும் ஒதுக்கியிருந்தோம். ஒப்படைக்கும் நாளில் வந்த அறிக்கையில் போர்ட்டுக்குப் போர்ட் ‘ப்ரயாரிட்டி 3, பி.எஃப்.சி ஆன்’ என்ற ஸ்கிரீன்ஷாட், பிங் முடிவு, ஐபெர்ஃப் என்ற சோதனைக் கருவி காட்டிய வேகம் எல்லாம் அழகாக இருந்தன. பணம் போய்ச் சேர்ந்தது.

லோடு ஏறியதும் பிரச்சினை தொடங்கியது. பல சர்வர்கள் ஒரே நேரத்தில் ஒரே ஸ்டோரேஜ் நோடை நோக்கி எழுதும்போதெல்லாம் லேட்டன்சி எகிறி, டேட்டாபேஸ் டைம்அவுட் ஆனது. அழைத்தால் ஒரே பதில்தான்: “சார், நெட்வொர்க் க்ளீன். பாஸ் கவுண்டரைப் பாருங்க, பூஜ்யம். நெரிசலே இல்லை. ஸ்டோரேஜ்காரங்களைக் கேளுங்க.”

பாஸ் (pause) கவுண்டர் என்பது ‘கொஞ்சம் நிறுத்து’ என்ற சிக்னல் எத்தனை முறை போனது, வந்தது என்ற எண்ணிக்கை. அந்தப் பூஜ்யத்தைத்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும். பி.எஃப்.சி, அதாவது ஐ.இ.இ.இ 802.1கியூபிபி, டிராஃபிக்கின் எட்டு ப்ரயாரிட்டிகளில் (முன்னுரிமை வகுப்புகளில்) குறிப்பிட்ட ஒன்றை மட்டும் நிறுத்தச் சொல்லும் ஏற்பாடு. டிராஃபிக் அந்த ப்ரயாரிட்டிக்குள் வந்து விழுந்தால்தான் அது வேலை செய்யும். எங்கள் சர்வர்கள் பாக்கெட்டின் ஐ.பி தலைப்பில் டி.எஸ்.சி.பி 26 என்ற முன்னுரிமை முத்திரை போட்டு, வி.லேன் டேக் இல்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தன. ஸ்விட்சோ வி.லேன் டேக்கில் இருக்கும் சி.ஓ.எஸ் என்ற முன்னுரிமை மதிப்பை மட்டும் நம்பும்படி வைக்கப்பட்டிருந்தது. டேக் இல்லாத பாக்கெட்டில் சி.ஓ.எஸ் ஏது? மொத்த ஸ்டோரேஜ் டிராஃபிக்கும் சாதாரண ப்ரயாரிட்டி 0 கியூவில் போய், நெரிசல் வந்தபோது விழுந்தது. ப்ரயாரிட்டி 3 கியூ காலியாகவே கிடந்ததால் பாஸ் கவுண்டரும் பூஜ்யம். அதே திரையில் ப்ரயாரிட்டி 0-வின் ட்ராப் கவுண்டர் ஏறிக்கொண்டிருந்ததை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

கான்ஃபிக் ஃபைலை முழுதாக வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அது எஃப்.சி.ஓ.இ (ஃபைபர் சேனல் ஸ்டோரேஜை ஈதர்நெட்டில் ஓட்டும் பழைய முறை) காலத்து டெம்ப்ளேட். போர்ட் விவரணையில் வேறொரு வாடிக்கையாளரின் ரேக் பெயர்கூட அப்படியே இருந்தது. ஸ்விட்சுகளுக்கு இடையிலான அப்லிங்க்குகளில் பி.எஃப்.சி-யே இல்லை, பழைய 802.3எக்ஸ் பாஸ்தான் இருந்தது. அது வந்தால் எல்லா டிராஃபிக்கையும் சேர்த்து நிறுத்திவிடும். நெரிசல் தொடங்கும்போதே அனுப்புகிறவரை வேகம் குறைக்கச் சொல்லும் ஈ.சி.என் இல்லை. பாஸ் விடாமல் நீடித்தால் கண்டுபிடித்துத் தடுக்கும் பி.எஃப்.சி வாட்ச்டாகும் இல்லை. பழுதான ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு விடாமல் பாஸ் அனுப்பினால் நெட்வொர்க்கே முடங்கும் என்பதையும், ரூட்டிங் உள்ள இடத்தில் டேக்கை விட்டுவிட்டு டி.எஸ்.சி.பி-க்கு ஏன் மாறினோம் என்பதையும் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2016-லேயே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். லாஸ்லெஸ் வேலைக்கென்று பணம் வாங்குகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

இதையெல்லாம் எழுதிக் கேட்டபோது வந்தது மன்னிப்பு அல்ல, ‘டியூனிங்’ என்ற பெயரில் புதிய கொட்டேஷன். எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

நீங்கள் வேலை கொடுத்தால் பிங்கையும் ஐபெர்ஃபையும் சான்றாக ஏற்காதீர்கள். இரண்டும் வழக்கமாக சாதாரண கியூவில் போகிறவை, டி.சி.பி-யில் பாக்கெட் விழுந்தாலும் திரும்ப அனுப்பிச் சமாளித்துவிடும். ஆர்.டி.எம்.ஏ கார்டுகள் பலவற்றில் ஒன்று விழுந்தால் அதிலிருந்து பின்னால் வந்த அனைத்தையும் மறுபடி அனுப்ப வேண்டும். அதனால் உங்கள் கண் முன்னாலேயே பல சர்வர்களிலிருந்து ஒரு சர்வருக்கு ஆர்.டி.எம்.ஏ ரைட் சோதனை ஓட்டச் சொல்லுங்கள். அப்போது ப்ரயாரிட்டி 3-ன் பாஸ் கவுண்டர் ஸ்விட்சிலும் கார்டிலும் ஏற வேண்டும், அந்த கியூவின் ட்ராப் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஈ.சி.என் முந்திக்கொண்டு வேகத்தைக் குறைத்தால் பாஸ் குறைவாக வரலாம்; அதனால் முதலில் ஈ.சி.என்-ஐ அணைத்து ஒருமுறை, பிறகு போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். பாதையில் உள்ள ஒவ்வொரு அப்லிங்க்கிலும் இதே கணக்கைப் பாருங்கள்.

கேபிள் நீளம் கேட்காமல் ஹெட்ரூம் பஃபர் (பாஸ் அனுப்பிய பிறகும் வந்துகொண்டிருக்கும் பாக்கெட்டுகளுக்கு ஸ்விட்சில் ஒதுக்கும் இடம்) வைத்தார்கள் என்றால் அதையும் விடாதீர்கள். 300 மீட்டர் ஃபைபரில் போய்வர சுமார் 3 மைக்ரோநொடி ஆகும். 100 கிகாபிட்டில் அதற்குள் மட்டும் ஏறத்தாழ 37 கிலோபைட் வந்து சேரும். பாதியில் இருக்கும் பாக்கெட்டுகளும் எதிர்முனை பாஸை உணர்ந்து நிற்கும் நேரமும் அதற்கு மேல். ஹெட்ரூமில் இடம் இல்லையென்றால் பாஸ் அனுப்பியும் பாக்கெட் விழும்.

எங்கள் ஸ்விட்சுகளை எங்கள் ஆட்களே டி.எஸ்.சி.பி-க்கு மாற்றி, அப்லிங்க் வரை சரி செய்துவிட்டார்கள். டைம்அவுட் நின்றுவிட்டது. லாஸ்லெஸ் வேலைக்குக் கொடுத்த தொகையைத் திருப்பிக் கேட்டு, பழையது, புதியது என இரண்டு கான்ஃபிக்குகளையும் ட்ராப் கவுண்டர்களையும் இணைத்து அந்த நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.