பழைய மாருதி 800: கார்புரேட்டர் வண்டியா, எம்.பி.எஃப்.ஐ. வண்டியா?

வீட்டு முற்றத்தில் நாமே பழுது பார்க்க எது தோது? இரண்டிலும் அதே 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின்தான். வித்தியாசம் பெட்ரோல் போகும் வழியில். கார்புரேட்டர் பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும். எம்.பி.எஃப்.ஐ.யில் கணினி சொல்லும் அளவுக்கு ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும்.

கார்புரேட்டர் வண்டி கோளாறைக் கண்ணுக்குக் காட்டிவிடும். ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது) நின்று போகிறதா? ஜெட், அதாவது பெட்ரோல் வரும் சின்னத் துளை, அடைத்திருக்கும், கழற்றிக் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் மைலேஜ் போய்விடும். மழைதான் இதற்கு எதிரி. கன்னியாகுமரி மாவட்டத்தில் நமக்கோ ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் ஏறினால் ஸ்டார்ட் ஆகாது. உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள், பாதி நாள் அதுவே மருந்து.

எம்.பி.எஃப்.ஐ. வண்டியில், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சோக் இழுக்கும் வேலை இல்லை. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி முனக வேண்டும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸையும், பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். சென்சார் கோளாறுக்கு ஸ்கேனர் வேண்டும், அதற்கு நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ போக வேண்டியதுதான். பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும், சும்மா கழற்றக் கூடாது.

குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக் காற்று இரண்டையும் விடாது. பேட்டரி முனையில் பூத்திருந்தால் வெந்நீரும் சோடா உப்பும் போதும். பிறகு மீட்டர் வைத்தால் நிற்கும் வண்டியில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.

என் ஓட்டு கார்புரேட்டருக்கு. தினமும் வேலைக்கு ஓட்டுகிறவருக்கு எம்.பி.எஃப்.ஐ.யே.