வெளிநடப்புக்கு முன்னால் பார்க்க வேண்டிய சன்சத் டிவி

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு பேரூராட்சியில் எதிர் அணிக் கவுன்சிலர் நான். அஜெண்டாவில் இல்லாத தீர்மானம் கூட்டம் முடியும் நேரத்தில் வரும், வாசித்து முடிப்பதற்குள் ‘ஆல் பாஸ்’ என்பார்கள். “அண்ணாச்சி, எந்திரிங்க, வெளிநடப்பு செஞ்சிருவோம்” என்று எங்கள் ஆட்கள் கிளம்புவார்கள். மறுநாள் பேப்பரில் இரண்டு வரி வரும், தீர்மானம் என்னவோ நிறைவேறியதுதான். வேறு வழி தேடியபோது நாடாளுமன்றக் கூட்டங்களைக் காட்டும் சன்சத் டிவியைப் பார்க்கத் தொடங்கினேன்.

லோக்சபா டிவியும் ராஜ்யசபா டிவியும் இணைந்து 2021 செப்டம்பரில் வந்த சேனல் இது. யூடியூபிலும் இலவசமாகப் பார்க்கலாம். செய்திகளில் அமளியை மட்டும் வெட்டிக் காட்டுவார்கள். இங்கே அதற்கு முன்னால் யார் எந்த விதியைச் சொல்லி என்ன கேட்டார் என்பதும் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வேளாண் மசோதாக்கள் வந்தன. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன, அதாவது தலையை எண்ணும் வாக்கெடுப்பு. துணைத் தலைவர் குரல் வாக்கெடுப்பிலேயே முடித்துவிட்டார். உறுப்பினர்கள் இருக்கையில் இல்லை என்று காரணம் சொல்லப்பட்டது. ஆனால் திருச்சி சிவா தன் இருக்கையிலிருந்து கேட்டது அன்றைய ராஜ்யசபா டிவி பதிவிலேயே இருந்தது. பிறகு துணைத் தலைவரும் அதை ஒப்புக்கொண்டு, அவையில் ஒழுங்கும் இருக்க வேண்டுமே என்றார். எதிர்க்கட்சிகளின் கோபம் நியாயமானது. ஆனாலும் அவையின் மையப் பகுதிக்குப் போய்க் கூச்சலிட்டவர்கள் அந்தக் காரணத்தைத் தாங்களே எடுத்துக் கொடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. எல்லோரும் சிவா மாதிரி இடத்திலேயே நின்று கேட்டிருந்தால் மறுப்பது எவ்வளவு கஷ்டமாகியிருக்கும்!

2023 ஆகஸ்ட் நம்பிக்கையில்லாத் தீர்மானமும் பார்க்க வேண்டியது. தோற்கும் என்று தெரிந்தே, மணிப்பூர் பற்றிப் பிரதமரைப் பேச வைக்கக் கொண்டுவந்தார்கள். அருமையான யோசனை. அப்புறம் அவர் தன் பேச்சில் மணிப்பூர் விஷயத்துக்கு வருவதற்கு முன்பே வெளிநடப்பு செய்துவிட்டார்கள்! உட்கார்ந்திருக்க வேண்டாமா?

இப்போது எங்கள் அணி எழுந்து போவதில்லை. இருக்கையிலிருந்தே கை தூக்கி, எண்ணச் சொல்கிறோம். ஆட்சேபனையை எழுதிச் செயல் அலுவலரிடம் கொடுத்து, மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல்கிறோம். ஓட்டில் தோற்கிறோம், சரி. குடிநீர்க் குழாய் டெண்டருக்கு யார் கை தூக்கினார் என்று வார்டு மக்களிடம் பெயரோடு சொல்ல முடிகிறது.

சேனலில் குறையும் உண்டு. மணிக்கணக்கில் ஓடும் பதிவில் வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. இந்தியும் ஆங்கிலமும் மாறி மாறி வருவதால் நான் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்க்கிறேன். இதைவிடப் பெரிய குறை, அமளி வந்ததும் கேமரா பெரும்பாலும் தலைவர் இருக்கைப் பக்கமே நின்றுவிடுகிறது. யார் தன் இடத்தில் நின்று கேட்கிறார், யார் இடத்தை விட்டு வந்துவிட்டார் என்று பார்க்க வேண்டிய நேரமே அதுதான். அப்போது முழு அவையையும் காட்ட வேண்டும்.