டிவி அறைக்கு வயர்லெஸ் பிரிட்ஜ்: எந்த வகை, எந்தத் தேவைக்கு?

ரவுட்டர் ஓர் அறையிலும், டிவி, மீடியா பிளேயர், கேமிங் கன்சோல் ஆகியவை வேறோர் அறையிலும் இருந்து, இடையில் கேபிள் இழுக்க வழியில்லாத வீடுகளுக்கு வயர்லெஸ் பிரிட்ஜ் பொருத்தமான தீர்வு. ஈதர்நெட் போர்ட் உள்ள சாதனங்களை வைஃபை வழியாக வீட்டு நெட்வொர்க்கில் சேர்ப்பதே அதன் வேலை. ஆனால் அந்த வேலைக்கென்று விற்கப்படும் பெட்டிகள் உள்ளுக்குள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. அட்டையில் அச்சிட்டிருக்கும் வேகத்தை வைத்து அவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை என்பதை, மூன்று வகைகளை என் வீட்டில் மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்கிறேன்.

முதலில் தேவையைக் கணக்கிடுவோம். 4கே படத்துக்கு நொடிக்கு 15 மெகாபிட் வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கிறது. இதை எந்தப் பிரிட்ஜும் சமாளித்துவிடும். வீட்டு மீடியா சர்வரில் சேமித்து வைத்த கோப்புகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. சாதாரண புளூரே வட்டில் வீடியோவுக்கு மட்டுமே உச்ச அளவு 40 மெகாபிட். 100 ஜிகாபைட் அல்ட்ரா எச்டி புளூரே வட்டில் மொத்த உச்சம் 128 மெகாபிட். அப்படிப்பட்ட கோப்பைச் சுருக்காமல் பார்க்க விரும்புகிறவருக்கு முதல் தடை டிவியிலேயே இருக்கிறது: பல டிவிகளின் ஈதர்நெட் போர்ட் 100 மெகாபிட்டுக்கு மேல் தாங்காது. ஒரேயொரு டிவியை இணைப்பதுதான் நோக்கம் என்றால், அந்த டிவியில் ஏற்கெனவே உள்ள 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை அதன் கேபிள் போர்ட்டைவிட வேகமாக இருக்க வாய்ப்புண்டு. அதைச் சோதித்துப் பார்க்காமல் தனிப் பெட்டி வாங்க வேண்டாம்.

எளிதில் கிடைப்பது ஈதர்நெட் போர்ட் உள்ள ரிப்பீட்டர். ஒரே ரேடியோவில் ரவுட்டரிடமிருந்து பெற்று, அதே சேனலில் மறுபடியும் ஒலிபரப்பினால், ரிப்பீட்டரோடு வைஃபையில் இணைந்திருக்கும் சாதனத்துக்குக் கிடைக்கும் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். மறு ஒலிபரப்பை நிறுத்திவிட்டுப் போர்ட்டை மட்டும் பயன்படுத்த அமைப்புகளில் இடமிருந்தால் அதுவும் ஒரு கிளையன்ட் பிரிட்ஜ்தான்: ரவுட்டரோடு சாதாரண வைஃபை சாதனம்போல இணைந்து, போர்ட் வழியாக மட்டும் தரவைத் தரும் பெட்டி. அந்த வசதி இல்லாத ரிப்பீட்டரை மீடியாவுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

கிளையன்ட் பிரிட்ஜில்தான் கவனிக்க வேண்டியவை அதிகம். சாதாரண வைஃபை கிளையன்ட் அனுப்பும் ஃபிரேமில், அதாவது தரவுப் பொதியில், மூன்று முகவரிகளே இடம்பெறும். பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் டிவியின் மேக் முகவரியை (நெட்வொர்க் சாதனத்தின் அடையாள எண்) அதில் தனியே குறிப்பிட அதில் இடமில்லை. அதனால் பிரிட்ஜ் எல்லாவற்றையும் தன் முகவரியிலேயே அனுப்பி, திரும்பி வருவதை ஐபி முகவரியைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. ஒற்றைச் சாதனத்துக்கு இது போதும். பின்னால் ஒரு சுவிட்ச் வைத்து நான்கு சாதனங்களை இணைக்கும்போது, ரவுட்டரின் பார்வையில் நான்குக்கும் ஒரே மேக் முகவரி தெரியக்கூடும். ஒவ்வொன்றுக்கும் நிலையான ஐபி ஒதுக்குவது சிக்கலாகும். இதைவிடத் தொல்லையானது மல்டிகாஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பல சாதனங்களுக்கு ஒருசேர அனுப்பும் முறை. வீட்டு நெட்வொர்க்கில் படம், பாட்டு பகிர உதவும் டிஎல்என்ஏ முறையைப் பின்பற்றும் சாதனங்கள் 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரி வழியாகவே ஒன்றையொன்று கண்டுபிடிக்கின்றன. அதைச் சரியாகக் கடத்தாத பிரிட்ஜில் இணையம் தடையின்றி ஓடும், ஆனால் வீட்டுச் சர்வர் மட்டும் டிவியின் பட்டியலில் வராது. நான் ஒரு மாலை முழுவதும் சர்வரில்தான் கோளாறு என்று நம்பி அதைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தேன். கடைசியில் சர்வரின் ஐபி முகவரியைப் பிளேயரில் கையால் உள்ளிட்டதும் படம் உடனே ஓடியது. குறை பிரிட்ஜில் இருந்தது அப்போதுதான் விளங்கியது.

இதற்கு மாற்று, நான்கு முகவரிகளைத் தாங்கும் டபிள்யூடிஎஸ் முறை. இரு முனைகளும் இம்முறையை ஆதரித்தால் பின்னாலுள்ள ஒவ்வொரு சாதனமும் தன் சொந்த மேக் முகவரியோடு, கேபிளில் இணைத்ததைப் போலவே தெரியும். வெவ்வேறு தயாரிப்பாளர்களின் டபிள்யூடிஎஸ் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் இல்லாததால், ஒரே வகைக் கருவிகளை ஜோடியாக வாங்க வேண்டும், அல்லது ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல ரவுட்டர் மென்பொருளை ஏற்கும் இரண்டு ரவுட்டர்களைத் தேடிக்கொள்ள வேண்டும். பின்னதற்கு ஒரு விடுமுறை நாளையாவது ஒதுக்க வேண்டியிருக்கும். ஆயினும் டிவி அறையில் மூன்று நான்கு சாதனங்கள் வைத்திருப்பவருக்கு என் முதல் தேர்வு இதுவே.

இவ்வளவு உள்ளே இறங்க விரும்பாதவருக்கு, பேக்ஹாலுக்கென்று (நோடுகள் தங்களுக்குள் பேசும் இணைப்புக்கென்று) தனி ரேடியோ கொண்ட மெஷ் தொகுப்பு, அதாவது ஒரே நெட்வொர்க்காக இயங்கும் பல வைஃபை பெட்டிகளின் தொகுப்பு, ஏற்றது. நோடின் பின்புறப் போர்ட்டில் கேபிளைச் செருகினால் முடிந்தது. சேனலை நாமே தேர்ந்தெடுக்க விடாத தொகுப்புகளும், நோடுக்கு ஒரே ஒரு போர்ட் தருபவையும் உண்டு என்பதால் வாங்கும்முன் இவ்விரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வயர்லெஸுக்கு வெளியே இரண்டு போட்டியாளர்கள். வீட்டு மின்கம்பி வழியாகத் தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டரின் பெயரளவு வேகத்தில் சிறு பங்கே கைக்கு வரும். சர்ஜ் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகினால் அதுவும் குறையும். சுவருக்குள் கோஆக்சியல் கம்பி சும்மா கிடக்கிறது என்றால், அந்தக் கம்பி வழியாக 2.5 ஜிகாபிட் வரை பேசும் மோகா 2.5 அடாப்டர் மேற்சொன்ன எல்லாவற்றையும்விட நம்பகமானது. செயற்கைக்கோள் டிஷ்ஷுக்குப் பயன்படும் கம்பியில் மட்டும் இரண்டின் அலைவரிசைகளும் மோதிக்கொள்ளும்.

எதை வாங்கினாலும் 5 ஜிகாஹெர்ட்ஸில் ஓட்டுங்கள், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மேற்படாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைச்சல் எழுப்புகிறது. 5 ஜிகாஹெர்ட்ஸிலும் 36 முதல் 48 வரையுள்ள சேனல்களையே நான் விரும்புகிறேன். 52 முதல் 144 வரையுள்ளவற்றில் ரேடார் அலை தென்பட்டால் கருவி சேனலைக் காலிசெய்ய வேண்டும். அதே வரிசையில் வேறு சேனலுக்குப் போனால் குறைந்தது 60 நொடி காத்திருந்து கேட்ட பிறகே ஒலிபரப்பலாம். படம் நின்றுபோக அந்த ஒரு நிமிடம் போதும்.

வைக்கும் இடமும் முக்கியம். என் பிரிட்ஜ் டிவியின் உலோக முதுகுக்குப் பின்னால் இருந்தபோது சிக்னல் மைனஸ் 72 டிபிஎம். ஒரு முழம் தள்ளி அலமாரியின் ஓரத்தில் வைத்ததும் மைனஸ் 61 (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் வலுவானது). பிறகு நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 மென்பொருளை, வீட்டில் எல்லோரும் இணையத்தில் இருக்கும் இரவு நேரத்தில், அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அதில் சராசரியைப் பார்க்கவில்லை. மிகக் குறைந்த நொடி எதுவென்று தேடினேன். அந்த நொடியும் 128 மெகாபிட்டுக்கு மேலே நின்ற பிறகுதான் பழைய கருவியைக் கழற்றினேன்.