நகைக்கடைக்கு ஸோஹோ சிஆர்எம்: எது உதவும், எது சறுக்கும்

யாழ்ப்பாணத்தில் நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதிக்குத் தாலிக்கொடி பார்க்க வருகிறவர்கள் அன்றே வாங்கிக்கொண்டு போவதில்லை. முதல் நாள் விலை கேட்பார்கள். பிறகு தாயையும் மாமியையும் கூட்டி வருவார்கள், ரொறன்ரோவில் இருக்கும் அண்ணனுக்குப் படம் அனுப்புவார்கள், அதற்குப் பிறகுதான் முற்பணம். கடை ஆளைத் தவறவிடுவது இந்த இடைவெளியில்தான். வாடிக்கையாளர்களைப் பதிந்து பின்தொடர உதவும் மென்பொருளான ஸோஹோ சிஆர்எம் கைகொடுப்பதும் இங்கேதான். பலசரக்குக் கடைக்கு இது வேண்டாம். பில் மென்பொருளில் புள்ளி சேர்க்கும் வசதி இருந்தாலே அங்கே போதும்.

மூன்று பேர் வரை இலவசம். முதலாளி, கவுன்டர், ஓடர் எடுப்பவர் என்றால் சிறு கடைக்கு அளவு சரி. கவுன்டரில் பில் அடிக்க வேறு மென்பொருள் வேண்டும்.

முதலில் சறுக்குவது பெயரில். லாஸ்ட் நேம் கட்டத்தை நிரப்பாமல் வாடிக்கையாளரைச் சேமிக்க முடியாது. எங்களிடமோ குடும்பப் பெயர் இல்லை. ஒரு ஊழியர் அதில் தகப்பன் பெயரைப் போடுவார், மற்றவர் ஆளின் பெயரைப் போடுவார். ஒரே ஆள் இரண்டு பதிவாகிவிடுவார். ஆளின் பெயர் லாஸ்ட் நேமில், தகப்பனின் முதலெழுத்து ஃபர்ஸ்ட் நேமில் என்று ஒரே முறையைக் கட்டாயமாக்குங்கள். ஆளை உறுதிப்படுத்துவது தொலைபேசி இலக்கம். பழைய கொப்பியிலிருந்து எக்செலுக்கு ஏற்றும்போது 077இன் முதல் 0 காணாமல் போகும். அந்த நிரலை (கொலம்) முன்கூட்டியே டெக்ஸ்ட் ஆக்கி, உள்ளூர் இலக்கங்களை 94இல் தொடங்கி 11 இலக்கமாக அடியுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால், ஏற்றப் பயன்படும் சிஎஸ்வி கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்து முறையில் சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாக ஏறும்.

ஒவ்வொரு விற்பனையையும் பின்தொடரும் டீல்ஸ் பகுதியில் வரும் படிநிலைகள் நிறுவனங்களுக்கு விற்பவர்களுக்கானவை. அவற்றை விசாரிப்பு, விலை சொன்னது, முற்பணம், பட்டறை, கையளிப்பு என்று மாற்றினால்தான் கடைக்குப் பொருந்தும். விற்பனை முடியும் நாளுக்கான குளோசிங் டேட்டில் பலர் கல்யாணத் திகதியைப் போடுகிறார்கள். பெரிய பிழை அது. தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்கல் அதற்கு முன்னரே வந்துவிடும். எந்தக் கடை என்பது அதற்குள் முடிவாகியிருக்கும். பொன்னுருக்கல் நாளைக் கேட்டுப் பதிந்து, அதற்கு இரண்டு கிழமை முன்னர் அழைக்கும்படி டாஸ்க் வையுங்கள். ரொறன்ரோ அண்ணனை ஆவணியில் அழைப்பதென்றால் இங்கே இரவு 7 மணி. அங்கே காலை 9.30.

வாங்காமல் போனவர்களையும் பதிய வேண்டும். முற்பணம் கட்டியவர்களை மட்டும் ஏற்றினால் அறிக்கையில் எல்லோரும் வாங்கியதாகவே தெரியும். அந்த எண்ணால் கடைக்கு ஒரு பயனும் இல்லை. விலை கேட்டவர் 40, கட்டியவர் 12 என்று வந்தால்தான் மிச்சம் 28 பேர் செய்கூலியால் போனார்களா, டிசைன் இல்லாமல் போனார்களா, திரும்ப யாருமே அழைக்காததால் போனார்களா என்று பார்க்கலாம். காரணத்தை அன்றைக்கே எழுதாவிட்டால் ஒரு கிழமையில் மறந்துவிடும்.

குறுஞ்செய்திச் செலவையும் கணக்கில் எடுங்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்து ஒரு செய்தி. தமிழில் 70தான், 'கி' போன்ற உயிர்மெய் இரண்டாக எண்ணப்படும். இப்படி எண்ணி 150 வரும் பொங்கல் வாழ்த்து, ஆளுக்கு மூன்று செய்திக் காசு.