கழற்ற முடியாத ஆன்டிவைரஸ்: பராமரிப்பு ஒப்பந்தம் போடும் சிறு நிறுவனங்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் இயங்கும் எங்கள் சரக்கு அனுப்பும் நிறுவனம், மடிக்கணினிகளை முழு விலை கொடுத்து வாங்கி, அவற்றின் பராமரிப்பையும் அதே விற்பனையாளரிடம் மாத ஒப்பந்தத்தில் விட்டிருந்தது. கணினிகள் வரும்போதே ஆன்டிவைரஸ் போடப்பட்டிருந்தது. அது, எல்லாக் கணினிகளையும் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் விற்பனையாளரின் சொந்த மேலாண்மைக் கணக்கோடு பிணைக்கப்பட்டிருந்ததை யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிந்து, பராமரிப்பை வேறொருவரிடம் ஒப்படைத்த பிறகுதான் அது தெரியவந்தது.

கன்ட்ரோல் பேனலில் 'அன்இன்ஸ்டால்' பொத்தானை அழுத்தினால் பாஸ்வேர்ட் கேட்டது. அட்மின் உரிமையோடு நுழைந்தும், பின்னணியில் இயங்கும் அதன் சர்வீஸை நிறுத்த முடியவில்லை. வைரஸ் ஆன்டிவைரஸை முடக்கிவிடக் கூடாது என்பதற்காக இத்தகைய மென்பொருள்களில் 'டேம்பர் புரொடெக்ஷன்' என்னும் காப்பு வைக்கிறார்கள். அது நியாயமானதுதான், ஆனால் அதைத் தளர்த்தும் அதிகாரம் கணினியின் உரிமையாளரிடம் இல்லாமல் மேலாண்மைக் கணக்கை வைத்திருப்பவரிடம் இருக்கிறது. உரிமம் காலாவதியாகிப் புதுப்பிப்புகள் நின்றுபோன பின்னும் அது இயங்குவதாகவே பதிவாகியிருந்ததால், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டரும் எங்கள் கணினிகளில் ஒதுங்கியே நின்றது. பாதுகாப்பு இருப்பதாகத் திரை சொல்லியது, உண்மையில் இல்லை.

பாஸ்வேர்டைக் கேட்டு விற்பனையாளரை அழைத்தேன். "அண்ணே, அதை வெளியாளுக்குத் தர எங்கள் கொள்கை இடம் கொடுக்காது, நாங்களே நீக்கித் தருகிறோம், ஒரு கணினிக்கு 45 வெள்ளி ஆகும்," என்றார் அவர்களின் கணக்கு நிர்வாகி. தம் கணக்கிலிருந்து சில சொடுக்குகளில் எல்லாக் கணினிகளிலும் நீக்கிவிடக்கூடிய வேலைக்கு, அதுவும் நாங்கள் விலை கொடுத்து வாங்கிய கணினிகளுக்கு, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைப்பதை வேறு என்னவென்று சொல்வது?

புதிய பராமரிப்பாளர், அடிப்படை நிரல்கள் மட்டும் இயங்கும் சேஃப் மோடில் விண்டோஸைத் திறந்து நீக்கலாம் என்றார். அங்கே, வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. அந்த எண்களும் பழைய விற்பனையாளரின் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருந்தன. ஒரு கணினியை முழுவதுமாக அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவியபோது, மொழியையும் வைஃபையையும் தேர்ந்தெடுத்து முடித்தவுடன், அந்த விற்பனையாளரின் பெயரைத் தாங்கி, அவர்களுடைய மின்னஞ்சலைக் கேட்கும் திரை வந்து நின்றது. கணினியின் வன்பொருள் அடையாளம், நிறுவனக் கணினிகளைப் பதிந்து தானாக அமைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையான ஆட்டோபைலட்டில் அவர்கள் பெயரில் பதிவாகியிருந்ததே காரணம். வட்டை எத்தனை முறை அழித்தாலும் அந்தப் பதிவு மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் அப்படியே இருக்கும்.

இந்த நிலையில் இணையத்தில் தேடினால், எந்த ஆன்டிவைரஸையும் நொடியில் நீக்குவதாகச் சொல்லும் இலவசக் கருவிகள் வரிசைகட்டி வரும். தயாரிப்பாளரின் சொந்தத் தளத்தில் இல்லாத எதையும் தொடாதீர்கள். பாதி நீக்கப்பட்ட ஆன்டிவைரஸ் இணையப் போக்குவரத்தைச் சோதிக்கும் தன் நெட்வொர்க் ஃபில்டரை விட்டுச் சென்றால், கணினியில் இணையமே வராமல் போகலாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் என்பவர் தனிநபர். எனவே எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு அது கைகொடுக்காது. சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்திற்கு நிறுவனங்களும் போகலாம்: 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும், வழக்கறிஞர் வாதாட முடியாது. கொள்முதல் ரசீதுகளை இணைத்து, அங்கே போகப்போவதாக எழுத்துமூலம் தெரிவித்த பிறகுதான் மீட்பு எண்களும் பதிவு நீக்கமும் கிடைத்தன. ஆன்டிவைரஸை அகற்றும் கட்டணத்தை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வேலை நின்றுபோய்க் கிடந்ததால் கட்டிவிட்டோம். அந்தத் தொகையைத் திரும்பக் கேட்டு இப்போது மனு தயாராகிறது.

புதிய ஒப்பந்தத்தில் மூன்று பொருள்களைப் பெயர் சொல்லி எழுதச் செய்திருக்கிறோம்: ஆன்டிவைரஸின் மேலாண்மைக் கணக்கு எங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கும், பிட்லாக்கர் மீட்பு எண்களின் நகல் எங்களிடம் இருக்கும், ஒப்பந்தம் முடியும் நாளில் ஆட்டோபைலட் பதிவு கட்டணமின்றி நீக்கப்படும். கையெழுத்துப் போடும் முன்பே இவற்றைக் கேளுங்கள். தயங்குகிற விற்பனையாளரிடம் ஏன் என்று விசாரியுங்கள்.