புழுக்கத்தில் கோழிக்கு எது உதவும்: மின்விசிறியா, பனித்தெளிப்பானா?

இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன். முதல் கோடையில் தெளிப்பான், அடுத்த கோடையில் விசிறி. இன்று என் கோழிக்கூட்டுக்குள் ஓடிக்கொண்டிருப்பது விசிறி மட்டும்தான். எனவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கம் சாய்ந்துவிட்டவன், ஏன் சாய்ந்தேன் என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் கணக்கு சின்னது. 14 முட்டைக்கோழிகள், தகரக் கூரை போட்ட கொட்டகை, மூன்று பக்கம் கம்பிவலை, தரையில் ஆழ்கூளம் (எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சத் தடிமனாகப் பரப்பிய உலர்ந்த படுக்கை). கறிக்கோழியோ ஆயிரக்கணக்கில் கோழிகளோ வளர்த்த அனுபவம் எனக்கில்லை. இதில் எவ்வளவு அந்தப் பண்ணைகளுக்குப் பொருந்தும் என்பதை அவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிழல் வேண்டும், தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், வெயில் உச்சிக்கு ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்பே தீவனத்தை எடுத்துவிட வேண்டும் (செரிமானமே உடம்பில் சூடு உண்டாக்கும் வேலை). விசிறி வாங்கினாலும் தெளிப்பான் வாங்கினாலும் இவையெல்லாம் செய்தே ஆக வேண்டியவை. இவற்றைச் செய்யாமல் கருவி வாங்குவது வீண்.

முதலில் தெளிப்பான் வாங்கியதற்குக் காரணம் எளிது: பார்க்க நன்றாக இருந்தது. குழாயைத் திறந்ததும் கூட்டுக்குள் மெல்லிய பனி இறங்கும். நமக்கே முகத்தில் பட்டால் சுகமாக இருக்கிறது, கோழிக்கு இருக்காதா என்று நினைத்தேன். வெப்பமானியும் ஆமோதித்தது. 34 டிகிரியாக இருந்தது கொஞ்ச நேரத்தில் 32 ஆனது. நான் பெருமையாகத் திரும்பிப் பார்த்தால், கோழிகள் அப்படியேதான் நின்றன: அலகைப் பிளந்துகொண்டு, இறக்கையை உடம்பிலிருந்து தூக்கி வைத்துக்கொண்டு, தொண்டை படபடக்க. பக்கத்தில் தொங்கிய ஈரப்பதமானி 70 சதவீதத்திலிருந்து 80-ஐத் தாண்டியிருந்தது. அதை நான் அன்று கண்டுகொள்ளவில்லை.

கோழியின் உடல் வெப்பம் 41 முதல் 42 டிகிரி செல்சியஸ். வியர்வைச் சுரப்பி கிடையாது. சூட்டை வெளியேற்ற அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, கொண்டை, தாடி, கால், இறக்கைக்கு அடியிலுள்ள வெற்றுத்தோல் வழியாகச் சுற்றியுள்ள காற்றுக்கு நேரடியாகக் கொடுப்பது. இன்னொன்று, வாயைத் திறந்து வேகவேகமாக மூச்சிரைத்து, மூச்சுப்பாதையிலுள்ள ஈரத்தை ஆவியாக்குவது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். நாம் வியர்ப்பதும் கோழி இரைப்பதும் பானையில் தண்ணீர் குளிர்வதும் ஒரே சங்கதி.

தெளிப்பான் செய்வதும் அதே சங்கதிதான். சிக்கலும் அங்கேதான். தெளிப்பான் காற்றில் ஈரத்தை ஏற்றிக் காற்றைக் குளிர்விக்கிறது. கோழி அதே காற்றுக்குள் தன் ஈரத்தை விட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளப் பார்க்கிறது. வறண்ட காற்றில் இருவருக்கும் இடமுண்டு. புழுக்கமான காற்றிலோ ஏற்கெனவே நிரம்பிய பேருந்தில் இரண்டு பேர் ஒரே படிக்குப் போட்டி போடுவது போல. கோழிக்கு மூச்சிரைப்பின் பலன் அடியோடு நின்றுவிடாது, ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது குறையும். குறையக் குறைய இன்னும் வேகமாக இரைக்கும். அந்த உழைப்பே மேலும் சூடு உண்டாக்கும். கரியமிலவாயு அளவுக்கு மீறி வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடும். கோடையில் முட்டை ஓடு மெலிந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவு. 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால், தண்ணீரை ஆவியாக்கியே காற்றை ஏறத்தாழ 21 டிகிரி வரை இறக்க முடியும் என்கிறது கணக்கு. அதில் பாதி கிடைத்தாலே கொண்டாட்டம். 34 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் எல்லை 30 டிகிரியிலேயே நின்றுவிடும். அதுவும் காகிதத்தில். உங்கள் கோடை வறண்ட கோடையாக இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுத் தெளிப்பானே வாங்குங்கள். நான் பேசுவது, துணி காயாத, உப்பு நீர்த்துப்போகிற கோடையைப் பற்றி.

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. வெப்பமானி துளிகூட அசையாது. அதனாலேயே பலர் அதைக் குறைத்து எடைபோடுகிறார்கள், நானும் போட்டேன். ஆனால் கோழியைச் சுற்றி அதன் உடம்புச் சூட்டிலேயே வெந்த ஒரு காற்றுப்படலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை ஒதுக்கித் தள்ளினால், 41 டிகிரி உடம்புக்கும் 34 டிகிரி காற்றுக்கும் இடையிலுள்ள ஏழு டிகிரி வித்தியாசம் வேலை செய்யத் தொடங்கும். இந்த வழிக்கு ஈரப்பதம் பெரிய தடையில்லை. விசிறியை வைத்த முதல் மதியம், கால் மணி நேரத்தில் பாதிக் கோழிகள் வாயை மூடிக்கொண்டன. வெப்பமானி அதே 34. காற்று 38, 39 என்று ஏறினால் இந்த வித்தியாசம் கரைந்துவிடும், அப்போது வெறும் விசிறி அனல் காற்றைத்தான் வாரி இறைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதுவரை சொன்னதை வைத்தே விசிறி முந்துகிறது. ஆனாலும் என்னைத் திருப்பியது இதுவல்ல. கூளம்.

தெளிப்பான் போட்ட நான்காவது நாள் காலை, கூட்டைத் திறந்ததும் கண் எரிந்தது. நின்றபடி முகர்ந்தால் லேசான வாடைதான். குனிந்து கோழியின் தலை மட்டத்துக்குப் போனால் அம்மோனியா மூக்கைத் துளைத்தது. அவை இரவெல்லாம் சுவாசித்தது அந்தக் காற்றை. கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பார்த்தேன். நல்ல கூளம் கையைத் திறந்ததும் உதிர்ந்துவிடும். என்னுடையது கொழுக்கட்டை மாதிரி பிடித்த பிடியில் நின்றது.

இதில் நான் யோசிக்கத் தவறிய ஒன்று உண்டு. வெயில் காலத்தில் கோழி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு, சில நாள் அதற்கு மேலும் தண்ணீர் குடிக்கும். எச்சம் நீர்த்துப் போகும். அதாவது தெளிப்பான் இல்லாமலேயே கோடையில் கூளம் நனைந்துகொண்டுதான் இருக்கிறது. காற்றும் ஈரமாக இருப்பதால் அது காய்வதும் இல்லை. அதன் தலையில் நான் மேலும் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். குழாய் அழுத்தம் குறையும் நேரத்தில் பனி பனியாக வராது, சொட்டாக வரும். நிறுத்திய பிறகும் நாசில்கள் அரை மணி நேரம் சொட்டும். ஒவ்வொரு நாசிலுக்குக் கீழேயும் ஒரு தட்டு அகலத்துக்குச் சேறு.

ஈரக்கூளம் வெறும் நாற்றத்தோடு நிற்பதில்லை. ரத்தக்கழிச்சல் நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியின் முட்டைகள் எச்சத்தில் வெளிவந்தவுடன் தொற்றாது. பக்குவப்பட அவற்றுக்குச் சூடும் ஈரமும் காற்றும் வேண்டும். மூன்றும் கிடைத்தால் ஓரிரு நாளில் தயார். என் கொட்டகையில் மூன்றும் தாராளம். மூன்றாவது வாரம் இளம்பெட்டை ஒன்று ஒடுங்கி நின்றது, எச்சத்தில் ரத்தம். அந்த நோய்க்கான மருந்தான ஆம்ப்ரோலியத்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்து எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டேன். ஆனால் அந்த மூன்று வாரத்தில் இரண்டு முறை மொத்தக் கூளத்தையும் வாரிக் கொட்டிப் புதிதாகப் போட்டேன். ஆழ்கூளத்தைப் பல மாதம் தொடாமல் கிளறிவிட்டே ஓட்டுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய எரிச்சல் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். புழு, ஈ, உள்ளங்கால் புண் என்று மற்றவற்றை விரிக்கவில்லை.

விசிறி இதற்கு நேர் எதிர். அது கோழிக்கு வீசும்போதே கூளத்தையும் உலர்த்துகிறது. அதே கொட்டகை, அதே கோழிகள், அதே அளவு ஈரப்பதம். அடுத்த கோடை முழுக்க வாரம் இருமுறை கிளறிவிட்டதோடு சரி, ஒரு முறைகூட மாற்றவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், இந்த ஒரு வித்தியாசத்தில் தட்டு தரையில் இடித்துவிடுகிறது.

இரவும் விசிறியின் பக்கம்தான். சூரியன் விழுந்தால் வெப்பம் கொஞ்சம் இறங்கும், ஈரப்பதம் ஏறும். கோழிகள் பரணில் ஏறித் தோளோடு தோள் இடித்து உட்காரும். பகலெல்லாம் உடம்பில் சேர்ந்த சூடு போக இடமிருக்காது. இந்தக் கருவிகள் எதுவும் வாங்குவதற்கு முன், கூட்டத்திலேயே கனமான கோழியை நான் இழந்தது ஒரு காலையில், பரணுக்கு அடியில். முந்தைய மாலை அது இரைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். வெயில்தான் போய்விட்டதே என்று விட்டுவிட்டேன். ராத்திரியில் தெளிப்பானை ஓடவிட முடியாது, விடிவதற்குள் கூளம் குளமாகிவிடும். விசிறியைப் பரணுக்குக் குறுக்காகத் திருப்பி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

விசிறிக்கும் குறை உண்டு. கோழித்தூசியும் இறகுத்தூவலும் ஈரக்காற்றில் பசை போலாகி விசிறியின் இறக்கைகளில் அப்பிக்கொள்ளும். முதலில் வீட்டில் கிடந்த மேசை விசிறியை வைத்தேன். ஒரே மாதத்தில் மோட்டார் அடைத்து, ஒரு நாள் கருகிய வாடை வந்தது. மரக்கொட்டகையும் உலர்ந்த கூளமும் இருக்கும் இடத்தில் அந்த வாடை விளையாட்டல்ல. அதன் பிறகு மோட்டார் முழுக்க மூடப்பட்ட வகையை வாங்கினேன். வாரம் ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் துடைக்கிறேன். ஒயர் கோழிக்கு எட்டாத உயரத்தில், குழாய்க்குள். தெளிப்பானுக்கும் இதேயளவு வேலை உண்டு: உப்புப் படிந்து நாசில் அடைக்கும், கழற்றி வினிகரில் ஊறப்போட வேண்டும். ஆக இந்தக் கணக்கு சமம்.

மின்சாரம் போனால் மட்டும் விசிறி கைவிட்டுவிடும், குழாய் அழுத்தத்தில் ஓடும் தெளிப்பான் ஓடும். இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த நேரத்துக்கென்று உறையவைத்த தண்ணீர்ப் பாட்டில்கள் சில எப்போதும் தயாராக இருக்கின்றன. கால் விரல் நனையும் அளவுக்கு ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் பாட்டிலைக் கிடத்தினால், கோழிகள் வந்து நின்றுகொள்கின்றன. காலிலிருந்து நிறையச் சூடு போகும்.

தெளிப்பும் விசிறியும் சேர்த்தே போடலாமே என்று கேட்பார்கள். பெரிய பண்ணைகளில் கொட்டகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பலத்த காற்றை இழுத்துக்கொண்டே நீர் தெளிக்கிறார்கள். ஈரம் தங்காமல் வெளியேற்றப்படுவதால் அது அங்கே நடக்கிறது. ஒரே விசிறி உள்ள என் கொட்டகையில் ஒரு வாரம் முயன்றேன். கோழிகளுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை, கூளத்துக்குத் தெரிந்தது.

தெளிப்பானைத் தூக்கி எறியவில்லை. இப்போது அது தகரக் கூரையின் மேல், வெளிப்புறமாகக் கிடக்கிறது. நண்பகலில் அரை மணி நேரம் திறந்தால் தகரம் தொடும் அளவுக்கு வந்துவிடும், தண்ணீர் விளிம்பில் இறங்கி வாய்க்காலோடு போய்விடும். உள்ளே ஒரு சொட்டு இல்லை. கீழே விசிறிக்கு நேர் எதிரே, கூட்டத்தின் மூத்த பெட்டை இறக்கையை விரித்துப் படுத்திருக்கும். அடுத்தவள் நெருங்கினால் மண்டையில் ஒரு கொத்து. அதனால் விசிறியை இன்னும் இரண்டு அடி பின்னால் தள்ளி, காற்று அகலமாகப் பரவும்படி வைத்திருக்கிறேன்.